எல்.சி.எச். சந்தேகமா? பிள்ளைக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கப் போகும் திருகோணமலைப் பெற்றோருக்கு

பிள்ளையின் கிளினிக் கொப்பியில் எல்.சி.எச். என்று எழுதிய நாளிலிருந்து உங்கள் வீட்டில் அதிகம் அடிபடப்போகிற சொல் ஸ்கேன். தலையில்தானே வீக்கம், காலை ஏன் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்? வயிற்றில் நோவே இல்லை, அங்கே எதற்கு ஸ்கேன்? இங்கே எடுத்ததைக் கொழும்பில் ஏன் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள்? எக்ஸ்ரே அறை வாசலில் அம்மாமாரும் உம்மாமாரும் கேட்கிற இந்தக் கேள்விகளுக்கு அந்த இடத்தில் நின்றபடி இரண்டு வசனத்துக்கு மேல் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை, அதனால்தான் இருந்து எழுதுகிறேன். நான் படம் எடுக்கிறவன், மருந்து எழுதுகிறவன் அல்ல. எந்த மருந்து, எத்தனை ஊசி என்பதை உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

முழுப் பெயர் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ். எலும்பு மச்சையில் உருவாகும் ஒருவகை எதிர்ப்புச் செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி, உடம்பில் ஓரிடத்திலோ பல இடங்களிலோ கூட்டமாகக் குந்திக்கொள்கின்றன, குந்திய இடத்தைச் சுற்றி வீக்கத்தையும் அழற்சியையும் உண்டாக்குகின்றன, எலும்பில் குந்தினால் எலும்பைக் கரைக்கின்றன. நோய் வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு எலும்பில் இருக்கும், மூன்றில் ஒரு பங்கு பேருக்குத் தோலில் இருக்கும். பத்து லட்சம் பிள்ளைகளை எடுத்தால் வருடத்துக்கு நாலைந்து பேருக்குத்தான் வருகிறது. ஆகவே முதலில் பார்த்த டொக்டர் இதைச் சட்டென்று கண்டுபிடிக்கவில்லை என்று கோபிப்பதில் நியாயமில்லை, பலர் தங்கள் வேலைக்காலத்திலேயே ஒன்றிரண்டு பிள்ளைகளைத்தான் பார்த்திருப்பார்கள்.

இது தொற்றாது. மற்றப் பிள்ளையைத் தனியாகப் படுக்க வைக்கத் தேவையில்லை. கர்ப்ப காலத்தில் எதைச் சாப்பிட்டதால் வந்தது என்று தாயைக் குடைகிற மாமிமாருக்கும் அதே பதில்: அதனால் அல்ல.

புற்றுநோயா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. 2010இல் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் இந்தச் செல்களில் பிராஃப் என்ற மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்த பிறகு இதைக் கட்டி வகை நோயாகத்தான் கணக்கெடுக்கிறார்கள், சிகிச்சையும் புற்றுநோய்ப் பிரிவில்தான் நடக்கும். ஆனால் ஒரே எலும்பில் மட்டும் வந்தது சிலவேளை தானாகவே ஆறிவிடுகிறது. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகிய மூன்றையும் தொடாத நோயில் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லாரும் உயிர் பிழைக்கிறார்கள். இந்த மூன்றையும் ஆபத்து உறுப்புகள் என்பார்கள். அவை தொடப்பட்டிருக்கின்றனவா, எத்தனை இடத்தில் நோய் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சிகிச்சையே தீர்மானமாகும். தலையில் வீக்கம் வந்த பிள்ளைக்கு வயிற்று ஸ்கேன் எடுப்பது இதற்காகத்தான்.

ஒன்றை இப்போதே மனதில் போட்டு வையுங்கள். எந்தப் படமும் தனியாக நின்று இது எல்.சி.எச். என்று முடிவு சொல்லாது. படம் சந்தேகத்தைக் கிளப்பும், எங்கே ஊசி போட்டு அல்லது வெட்டித் துண்டு எடுக்கலாம் என்று காட்டும், அவ்வளவுதான். முடிவு சொல்வது பயாப்சி. அந்தத் துண்டில் சிடி1ஏ, லாங்கரின் என்ற அடையாளங்கள் தெரிய வேண்டும்.

முதல் எக்ஸ்ரே

பெரும்பாலும் தலையில் மெத்தென்ற ஒரு வீக்கத்தோடு வருவார்கள். விளையாடும்போது விழுந்தது என்று வீட்டில் ஒரு கதையும் இருக்கும், அது உண்மையாகவும் இருக்கலாம், விழுந்த இடத்தைத் தடவும்போதுதான் ஏற்கெனவே இருந்த வீக்கம் கையில் பட்டிருக்கும். மண்டையோட்டு எக்ஸ்ரேயில் விளிம்பு தெளிவான ஓட்டை தெரியும், கடதாசியில் பஞ்ச் அடித்த மாதிரி. மண்டையோட்டுக்கு வெளித்தட்டு, உள்தட்டு என்று இரண்டு அடுக்கு உண்டு. இரண்டும் ஒரே அளவில் கரையாததால் விளிம்பு சரிவாக, ஓட்டைக்குள் இன்னொரு ஓட்டை போல விழும். படத்தைப் பார்த்து ரிப்போட் எழுதுகிற டொக்டரான ரேடியோலஜிஸ்ட்டின் மனதில் எல்.சி.எச். என்ற எண்ணம் வருவதற்கு இதுவே பெரிய காரணம்.

வேறு இடங்களில் வேறு விதமாகத் தெரியும். முதுகெலும்பில் வந்தால் ஒரு முள்ளெலும்பு தட்டையாகி நாணயம் போல நிற்கும், மேலும் கீழும் மெத்தை போல உள்ள வட்டு மட்டும் கெடாமல் இருக்கும். முதுகெலும்புக் காசநோயில் வட்டும் சேர்ந்து அழிவதுதான் வழமை, ஆகவே வட்டு எப்படி இருக்கிறது என்று அவர்கள் நேரம் எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. தாடையில் வந்தால் பல்லைச் சுற்றியுள்ள எலும்பு கரைந்து பல் அந்தரத்தில் மிதப்பது போல் தெரியும். சின்னப் பிள்ளைக்குக் காலம் வராமல் பல் ஆடினால் பல் டொக்டர் எடுக்கும், தாடை முழுவதையும் காட்டும் ஓ.பி.ஜி. என்ற எக்ஸ்ரே படத்தில்தான் நோய் முதல் தடவை பிடிபடுவதும் உண்டு. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வந்தால் காதில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும், மருந்து விட்டும் நிற்காது. உச்சந்தலையில் விலகாத பொருக்கு, தொடையிடுக்கில் ஆறாத சிவப்பு இருந்தால், எக்ஸ்ரேக்கு வரும்போது டொக்டரிடம் அதையும் காட்டிவிடுங்கள். அது தனி வியாதி என்று நினைத்து மறைக்கிற அம்மாமார் அதிகம். தோலில் இருந்தால் பயாப்சி தோலிலிருந்தே எடுக்கலாம், எலும்பைத் தொடவேண்டி வராது, பிள்ளைக்கு எவ்வளவோ லேசு.

தொடையெலும்பில் வந்தால் நிலைமை சிக்கல். கிருமித் தொற்று, யூவிங் என்ற எலும்புப் புற்றுநோய், எல்.சி.எச். மூன்றும் தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றைப் போலவே தெரியக்கூடியவை. ரிப்போட்டில் இந்த மூன்று பெயரும் வரிசையாக இருப்பதைப் பார்த்துவிட்டு இரவிரவாகப் போனில் தேடாதீர்கள். அது சாத்தியங்களின் பட்டியல், ரேடியோலஜிஸ்ட் எழுதவேண்டிய முறையே அதுதான்.

எக்ஸ்ரேக்கு வரும்போது அரைஞாண் கொடி, தாயத்து, காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். இடுப்பு எலும்புப் படத்தின் நடுவே வெள்ளிக் குழாய் குறுக்கே கிடந்தால் அதன் பின்னால் உள்ள எலும்பு தெரியாது, திரும்ப எடுக்கவேண்டி வரும், திரும்ப எடுப்பதென்றால் இன்னொரு தரம் கதிர். நூலை அறுக்க மனமில்லை என்றால் அவிழ்த்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் கட்டலாம். திருநீறு ஒன்றும் செய்யாது, அது இருக்கட்டும்.

உடம்பு முழுக்க எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், நெஞ்சுப் படம்

சந்தேகம் வலுத்ததும் எலும்புக்கூடு முழுவதையும் படம் எடுக்கச் சொல்வார்கள். தலை இரண்டு கோணத்தில், முதுகு, நெஞ்சும் விலா எலும்பும், இடுப்பு, கைகால் நீள எலும்புகள். நோவு இல்லாத இடத்திலும் ஓட்டை இருக்கலாம் என்பதால்தான் முழுவதும். இதுவும் வயிற்று ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் திருகோணமலைப் பொது ஆஸ்பத்திரியிலேயே எடுக்கக்கூடியவை, மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ வெருகலிலிருந்தோ வருகிறவர்கள் மூன்றையும் ஒரே நாளில் வைத்துத் தரமுடியுமா என்று கிளினிக் மிஸ்ஸிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டால் பெரும்பாலும் முயற்சி செய்வார்கள். கேட்காவிட்டால் மூன்று நாள் தனித்தனியே விழும்.

கதிரைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மண், காற்று, வானம் எல்லாவற்றிலிருந்தும் உலகத்தில் ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவேர்ட் கதிர் கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று ஏறக்குறைய 0.02. அதாவது சும்மா இருந்தாலும் மூன்று நாளில் கிடைப்பதுதான். எக்ஸ்ரே கதிராலேயே குறுக்கு வெட்டாக எடுக்கும் சி.டி. ஸ்கேன் தலைக்கு ஒன்று கிட்டத்தட்ட 2, ஒரு வருடக் கணக்குக்குக் கிட்ட வந்துவிடும். ஆகவே எக்ஸ்ரேக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். அதேநேரம் சி.டி. எடுக்கச் சொன்னால், இதே இடத்தில் ஏற்கெனவே எடுத்த சி.டி. கையில் இருக்கிறது டொக்டர் என்று சொல்லக் கூச்சப்படவும் வேண்டாம்.

பிள்ளையைப் பிடிக்க ஒருவர் உள்ளே வர வேண்டும். கர்ப்பமாக இருக்கிறவர், இருக்கலாமோ என்று சந்தேகம் உள்ளவர் வரக்கூடாது. அப்பாவோ சித்தப்பாவோ ஈயக் கவசம் போட்டுக்கொண்டு நிற்கட்டும்.

வயிற்று ஸ்கேனில் கதிர் கிடையாது, ஒலி அலைதான். கல்லீரல், மண்ணீரலின் அளவைப் பார்ப்பார்கள். விலாவுக்குக் கீழே கல்லீரல் மூன்று சென்ரிமீற்றருக்கு மேலும் மண்ணீரல் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேலும் இறங்கியிருந்தால் அந்த உறுப்பு தொடப்பட்டதாக எடுத்துக்கொள்வது வழக்கம், இரத்தப் பரிசோதனையையும் கூட வைத்துப் பார்ப்பார்கள்.

நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்து, மூச்சிலும் குறையில்லை என்றால் பெரும்பாலும் அதோடு சரி. படத்தில் சந்தேகம் வந்தாலோ பிள்ளை வேகமாக மூச்சு விட்டாலோதான் நெஞ்சுக்கு சி.டி. கேட்பார்கள். அதில் சின்னச் சின்ன முடிச்சுகளும் காற்றுப் பைகளும் தெரியலாம். இந்தக் காற்றுப் பை உடைந்து நெஞ்சுக்குள் காற்று இறங்குவதும் உண்டு, ஆகவே நுரையீரலில் நோய் உள்ள பிள்ளைக்குத் திடீரென்று நெஞ்சு நோவும் மூச்சுத் திணறலும் வந்தால் கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். வீட்டுக்குள் சிகரட் பிடிக்கிற ஆள் இருந்தால் இன்றைக்கே நிறுத்தட்டும்.

தண்ணீர்: எல்லாவற்றையும் விட இதைக் கவனியுங்கள்

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி தொங்குகிறது. அதன் காம்பில் இந்தச் செல்கள் குந்தினால், உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஹோர்மோன் குறைந்துபோகும். பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று கேட்கும், நடுச்சாமத்தில் எழும்பிக் குடிக்கும், வெளுத்த சிறுநீர் வாளி வாளியாகப் போகும், படுக்கையை நனைக்காமல் விட்ட பிள்ளை திரும்ப நனைக்கத் தொடங்கும். டயபடீஸ் இன்சிபிடஸ் என்று கொப்பியில் எழுதுவார்கள். சீனி வருத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சீனி பார்த்தோம், சரியாக இருக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்குப் பிள்ளை தண்ணீர் குடிப்பது வழமைதானே என்றும் தட்டிக் கழிக்காதீர்கள். வெயிலில் விளையாடி வந்து குடிப்பது வேறு, விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பிப் போத்தலைத் தேடுவது வேறு.

டொக்டரிடம் போவதற்கு முன் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எவ்வளவு குடித்தது, இரவில் எத்தனை தரம் எழும்பியது, எத்தனை தரம் சலம் போனது. அளவுக்கு ஒரே போத்தலைப் பாவியுங்கள். காலையில் முதல் போகிற சிறுநீரையும் பரிசோதனைக்குக் கேட்பார்கள். இந்தக் கணக்கைக் கையில் கொண்டு போனால், காந்தத்தால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவையா என்ற முடிவு சுறுக்காக வரும்.

பிள்ளை உண்மையிலேயே தண்ணீரைப் பிடித்து வைக்க முடியுமா என்று தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது. அது வார்டில் வைத்து, நிறை பார்த்து, இரத்தம் எடுத்துச் செய்வது. வீட்டில் நீங்களாகத் தண்ணீரைக் கட்டுப்படுத்திப் பார்க்கவே கூடாது. இந்தக் குறை உள்ள பிள்ளை தண்ணீர் இல்லாமல் சில மணித்தியாலத்திலேயே மோசமாக வரண்டுபோகும்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் அடுத்து வருகிற எம்.ஆர்.ஐ.

எம்.ஆர்.ஐ.யும் கொழும்புப் பயணமும்

பிட்யூட்டரியைத் தெளிவாகப் பார்க்கச் சிறந்தது எம்.ஆர்.ஐ.தான். சாதாரணமாகச் சுரப்பியின் பின்பகுதி ஒருவகைப் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். நோய் தொட்டால் அந்தப் பளிச்சு மறைந்துவிடும், காம்பும் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கும். கண்குழி, பொட்டு எலும்பு, காதெலும்பு, மண்டையின் அடிப்பாகம் ஆகிய இடங்களில் நோய் உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பிரச்சினை பிறகு வரும் வாய்ப்புக் கூடுதல், அதனால் இப்போது குறை ஒன்றும் இல்லாவிட்டாலும் தலை எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். சிறுமூளையில் மாற்றம் இருக்கிறதா என்றும் அதே படத்தில் பார்க்கலாம். முதுகெலும்பு தட்டையான பிள்ளைக்கு நரம்பு நசிகிறதா என்று பார்ப்பதும் இதில்தான்.

கதிர் கிடையாது, ஆனால் நேரம் எடுக்கும், சத்தம் காதைப் பிளக்கும், அசையக்கூடாது. ஆகவே சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்து வேண்டும். மயக்க மருந்து என்றால் சிறுவர்களைப் பார்க்கிற மயக்க மருந்து டொக்டர் வேண்டும், அதற்காகத்தான் பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ மஹரகம அபேக்‌ஷா ஆஸ்பத்திரிக்கோ எழுதிக் கொடுப்பார்கள். மஹரகம என்றதும் சனம் முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொள்ளும். இந்த நோய்க்கு ஊசி மருந்து போட்டுப் பழகிய டொக்டர்மார் அங்கே இருக்கிறார்கள், பிள்ளைக்கு வேண்டியது அதுதான்.

வழமையான பட்டினிக் கணக்கு இது: சாப்பாடும் பசுப்பாலும் மாப்பாலும் 6 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. உங்களுக்குச் சொன்ன நேரம் இதிலிருந்து வேறுபட்டால் அவர்கள் சொன்னதுதான் சரி. காலை ஒன்பது மணிக்கு ஸ்கேன் என்றால் விடியப்புறம் மூன்று மணியோடு சாப்பாடு முடிந்துவிட வேண்டும். இரவு 49ஆம் நம்பர் பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் வழியில்தான் விடியும். பஸ் தேத்தண்ணிக்கு நிற்கும், பிள்ளை அழும், அம்மம்மா பாவம் பார்த்து ஒரு பணிஸ் வாங்கிக் கொடுப்பார். அதோடு ஸ்கேன் போய்விடும், இன்னொரு திகதிக்கு இன்னும் எத்தனையோ நாள். என் அபிப்பிராயம், 260 கிலோமீற்றர் போய் அதே காலையில் ஸ்கேனுக்கு நிற்காமல் முதல் நாளே போய்ச் சேருங்கள், உறவுக்காரர் வீட்டிலோ வேறு எங்கேயோ தங்கி, இரவு வயிறு நிறையச் சாப்பாடு கொடுத்துப் படுக்க வையுங்கள். இரவு ரயிலில் வருகிறவர்கள் பொரளைக்கு மருதானையில் இறங்கினால் கிட்ட. மஹரகமவுக்குக் கோட்டையிலிருந்து 138 பஸ்.

முன்பு சொன்ன தண்ணீர்க் குறை (டயபடீஸ் இன்சிபிடஸ்) உள்ள பிள்ளை என்றால் இந்தப் பட்டினிக் கணக்கு அப்படியே பொருந்தாது. திகதி போடும்போதே சொல்லுங்கள், வார்டில் சொல்லுங்கள், மயக்க மருந்து டொக்டரிடம் திரும்பவும் சொல்லுங்கள். முதல் ஆளாக எடுப்பார்கள், தேவைப்பட்டால் சேலைன் ஏற்றுவார்கள், குறைந்த ஹோர்மோனுக்குப் பதிலாக டெஸ்மோபிரசின் மருந்து கொடுக்கிற பிள்ளை என்றால் எந்த நேரம் கொடுப்பது என்று அவர்களே சொல்வார்கள். சிங்களம் வராதவர்கள், பிள்ளைக்கு இந்த வருத்தம் இருக்கிறது, நீண்ட நேரம் தண்ணீர் இல்லாமல் வைக்க முடியாது என்பதைத் தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதுவித்துக் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

தடிமன், இருமல், காய்ச்சல் இருந்தால் மயக்க மருந்து கொடுக்கமாட்டார்கள். போவதற்கு முதல் நாள் போன் பண்ணிக் கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள், மெஷின் வேலை செய்கிறதா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

உள்ளே போகமுன் உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. கண் மையில் உலோகத் தூள் கலந்திருக்கலாம், முதல் நாளே துடைத்துவிடுங்கள். பிள்ளைக்கு ஐந்தாறு வயது, சொன்னால் கேட்கும் என்றால் மயக்கமில்லாமலே எடுக்கப் பார்க்கலாம்: எம்.ஆர்.ஐ. சத்தத்தைப் போனில் எடுத்து ஒரு கிழமை முன்னிருந்தே போட்டுக் காட்டி, மேசைக்குக் கீழே ஆடாமல் படுத்திருக்கும் விளையாட்டு விளையாடுங்கள். பிடிவாதக்காரப் பிள்ளைகள்கூடச் சிலவேளை நம்மை ஆச்சரியப்படுத்தும்.

பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன்

எல்லாப் பிள்ளைக்கும் பெட் ஸ்கேன் தேவையில்லை. எங்கெங்கே நோய் உயிர்ப்போடு இருக்கிறது, மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்ப்பதில் கெட்டிக்காரப் படம், எக்ஸ்ரே தவறவிட்ட எலும்பையும் பிடிக்கும். ஆனால் கதிர் எக்ஸ்ரேயை விடப் பல மடங்கு. அதனால் வீணாக எடுக்கமாட்டார்கள், நீங்களும் எடுத்தால் நல்லதுதானே என்று வற்புறுத்தாதீர்கள். மஹரகமவில் உள்ள பெட் மெஷினே சனங்கள் காசு சேர்த்து வாங்கிக் கொடுத்ததுதான்.

கதிர் சேர்த்த சீனியை ஊசியில் ஏற்றி, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிள்ளையை அமைதியாகப் படுக்க வைத்துவிட்டு எடுப்பார்கள். நாலு முதல் ஆறு மணித்தியாலப் பட்டினி, இனிப்புத் தண்ணீர்கூடக் கூடாது, வெறும் தண்ணீர் பற்றி அவர்களிடம் கேளுங்கள். முதல் நாள் ஓடியாடி விளையாட விடாதீர்கள், தசை சீனியை இழுத்துவிடும். ஏசியில் குளிர்ந்தால் கழுத்துக் கொழுப்பும் சீனியை இழுத்துப் படத்தைக் குழப்பும், ஆகவே ஒரு போர்வையும் காலுறையும் கொண்டு போங்கள். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை எடுக்கிற பிள்ளைக்கு இரத்தச் சீனி ஏறலாம், அதைச் சொல்லிவிடுங்கள். ஏற்றிய மருந்தின் கதிர் வேகம் 110 நிமிடத்துக்கு ஒரு தரம் பாதியாகும், அன்றைக்கு மட்டும் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் பிள்ளைக்குக் கிட்ட அதிக நேரம் இருக்கவேண்டாம்.

பழைய எலும்பு ஸ்கேனும் சிலவேளை எழுதுவார்கள். இந்த நோயின் ஓட்டைகளை அது தவறவிடக்கூடும், அதனால் அது சுத்தமாக வந்தாலும் எக்ஸ்ரேயைத் தள்ள முடியாது. உடம்பு முழுக்க எம்.ஆர்.ஐ. எடுத்தால் கதிர் இல்லை, நேரம்தான் அதிகம்.

படங்களைச் சேர்த்து வையுங்கள்

போனில் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்த டொக்டரும் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் எடுத்த இடத்தில் சிடித் தட்டு கேளுங்கள், ரிப்போட் தாள் மட்டும் போதாது. படமே வேண்டும், ஏனென்றால் அடுத்த ஆஸ்பத்திரியின் ரேடியோலஜிஸ்ட் தன் கண்ணால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தட்டு கொடுக்காவிட்டால்தான் இங்கே எடுத்ததை அங்கே திரும்ப எடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் தட்டை ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பிரதி எடுத்து வையுங்கள், எங்கள் கடற்காற்றுக்குத் தட்டு நெடுநாள் நம்பத்தக்கது அல்ல. எக்ஸ்ரே ஃபிலிமை ஈரம் படாத பெரிய உறையில் நேராக வையுங்கள், சுருட்டவேண்டாம். ஒவ்வொரு உறையிலும் திகதி, எந்த ஆஸ்பத்திரி, உடம்பில் எந்தப் பகுதி. பயாப்சி ரிப்போட்டின் பிரதி எப்போதும் முதல் தாளாக இருக்கட்டும்.

மருந்து தொடங்கிய பிறகு வரும் படங்கள்

ஒரே எலும்பில் மட்டும் என்றால் சுரண்டி எடுத்துவிட்டோ, ஸ்டீரொயிட் ஊசி போட்டோ, ஒன்றும் செய்யாமலோ படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஒன்றும் செய்யவில்லையே என்று பதறி ஆஸ்பத்திரி மாறாதீர்கள், அதுவும் சிகிச்சை முறைதான். பல இடத்தில் என்றால் பெரும்பாலும் வின்பிளாஸ்டின் ஊசியும் பிரெட்னிசொலோனும், முதல் ஆறு கிழமை முடிய எப்படி இருக்கிறது என்று பரிசோதிப்பார்கள்.

இந்த ஆறாவது கிழமைப் படத்தில்தான் பலர் உடைந்து போகிறார்கள். வீக்கம் வற்றிவிட்டது, பிள்ளை ஓடித் திரிகிறது, எக்ஸ்ரேயில் மட்டும் ஓட்டை அப்படியே நிற்கும். எலும்பு நிரம்ப மாதக்கணக்கு எடுக்கும். முதலில் விளிம்பு தடித்து வெள்ளையாகும், பிறகுதான் நடுவில் நிரம்பும். வெள்ளை விளிம்பு என்று ரிப்போட்டில் இருந்தால் அது பொதுவாக நல்ல சேதி. தட்டையான முள்ளெலும்பும் பிள்ளை வளர வளர உயரம் கொஞ்சம் கூடிக்கொள்ளும், வயது குறையக் குறைய வாய்ப்பு அதிகம்.

மருந்து ஒரு வருடம் போகும் என்று சொன்னால் சுகமாகிவிட்டதே என்று இடையில் நிறுத்தக் கேட்காதீர்கள். ஆபத்து உறுப்பு தொடப்படாத, பல இடத்தில் நோய் உள்ள பிள்ளைகளில் ஆறு மாதம் மருந்து எடுத்தவர்களில் 54 சதவீதம் பேருக்கும் பன்னிரண்டு மாதம் எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்கும் ஐந்து வருடத்துக்குள் நோய் திரும்பியது என்று பெரிய சர்வதேசப் பரிசோதனை ஒன்றில் கண்டார்கள். திரும்பினாலும் பெரும்பாலும் எலும்பில்தான், திரும்ப அடக்கலாம். ஆனால் அதைப் பிடிக்கத்தான் மருந்து முடிந்த பிறகும் வருடக்கணக்கில் கிளினிக்குக்குக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கிளினிக்கில் உயரத்தையும் நிறையையும் அளந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள், பிட்யூட்டரி மந்தமானால் அது வளர்ச்சியிலும் தெரியும். தண்ணீர்க் குறை வந்த பிள்ளைக்குத் தலை எம்.ஆர்.ஐ.யும் இடைக்கிடை திரும்ப வரும்.

அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் உடனே போகவேண்டிய சில குறிகள் உண்டு: கால் சோர்ந்து நடை தடுமாறுவது, மலசலம் தெரியாமல் போவது, கண் முன்னால் தள்ளுவது அல்லது பார்வை மங்குவது, விடாத தலைநோவும் வாந்தியும், புதிதாக ஒரு வீக்கம், புதிதாக இரவுத் தாகம். போகும்போது அந்த உறைக் கட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.